அம்புஜத்தின் கண்ணாடி மேசை

விருத்தாசலம்,
11-2-1968, ஞாயிறு.

அன்புள்ள திரௌபதி அக்காவுக்கு,

விருத்தகிரியின் மனைவி நீலாவதி எழுதுகிறேன். எங்கள் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. பொங்கலுக்கு நீங்கள் தமயந்தி பேருக்குப் போடுகிற கார்டை அவள் எனக்கும் படித்துக் காட்டுவாள். அதைத் தவிர நம் இருவருக்கும் இடையில் கடிதம் இருந்ததில்லை. நானாக முதலில் எழுதுவது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று பேரும் சுகம். அவருக்குப் பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிற பகுதியிலேயே வேலை நடக்கிறது. தமயந்திக்கு ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை. கணக்கு நன்றாகப் போடுகிறாள். கையெழுத்துதான் கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.

எழுதவந்த விஷயம், உங்கள் தங்கை அம்புஜம் அக்காவுக்கு அப்பா சீராகக் கொடுத்த கண்ணாடி மேசை. ஐப்பசி மழையில் மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் பின்சுவரில் ஓதம் ஏறிவிட்டது. மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. போன வாரம் துடைக்கும்போது பின்பலகையில் மண்கோடு ஓடியிருப்பதைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. கரையான். பின்பலகை போய்விட்டது, இடதுபக்கக் கால் ஒன்று அடியில் பொடியாகிறது. முன்பக்கமும் இழுப்பறைகளும் கெட்டியாக இருக்கின்றன. இப்போது பார்த்தால் பிழைத்துக்கொள்ளும் என்று ஆசாரி சொல்கிறார்.

அந்த மேசையில் நான் எதுவும் வைப்பதில்லை, அதன் முன்னால் உட்கார்ந்து தலை சீவியதும் இல்லை. சமையல்கட்டில் ஆணியில் ஒரு கைக்கண்ணாடி மாட்டியிருக்கிறேன், எனக்கு அது போதும். உங்கள் வீட்டுப் பொருள். உங்களைக் கேட்காமல் ஆசாரியைக் கைவைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்யலாமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நீலாவதி

* * *

புதுச்சேரி,
19-2-1968.

நீலாவதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டுச் செய்ய நினைத்தது சரியான காரியம்.

அந்த மேசை அப்பா 1955இல் ஏலத்தில் எடுத்தது. இங்கிருந்த பிரெஞ்சு நீதிபதி ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அதற்கு முன்பே அது நாற்பது, ஐம்பது வருஷம் அந்த வீட்டில் இருந்த சாமான். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மேசையைப் படுக்கவைத்து, அப்பா கூடவே நடந்து வந்தார். வண்டியில் ஏறி உட்காரச் சொன்னால், "என் பாரமும் அதும் மேல எதுக்கு?" என்றார். மறுவருஷம் அம்புஜத்துக்குக் கல்யாணம்.

ஆசாரியிடம் சொல்லிவிடு. முன்பக்கத்தில் இழைப்புளி படக்கூடாது. கெட்ட காலை மட்டும் ஒட்டுப்போட வேண்டும், நாலையும் அறுத்து உயரத்தைக் குறைக்கிற வேலை கூடாது. இழுப்பறை மூன்றும் மூன்றாகவே இருக்க வேண்டும்.

மே மாதத்துக்குள் முடியட்டும். அம்புஜம் காரியத்தன்று விருத்தகிரி தம்பி எங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சாவது முடியட்டும் அத்தை, அப்புறம் அவ உங்க வூட்டுப் புள்ள" என்று சொன்னார். அம்மா இப்போது இல்லை. கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் இருக்கிறேன். ஜூனில் தமயந்தியை ஆறாம் வகுப்பில் சேர்க்க இங்கே கான்வென்டில் பேசிவிட்டேன். அவளோடு மேசையும் வரும். அவள் அம்மாவின் மேசை, அவள் இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் தம்பி உன்னிடம் சொல்லியிருப்பார்.

திரௌபதி

* * *

விருத்தாசலம்,
3-3-1968, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். கம்பெனியிலிருந்து வந்தவர் கைகால்கூடக் கழுவவில்லை, முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. "சொன்னேன். அப்ப நீ இல்ல" என்றார். "இப்ப இருக்கேனே" என்றேன். "பெரியவங்க கையைப் புடிச்சிக் குடுத்த வார்த்தை" என்றார். தமயந்திக்கு விடுமுறைக்குப் புதுச்சேரி போவது மட்டும்தான் தெரியும். ஜூன் சமாசாரத்தைப் பரீட்சை முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

வார்த்தை கொடுத்திருக்கிறார், அதனால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மேசையையும் நல்லபடியாகச் செய்து அனுப்புகிறேன்.

வேலை ஆரம்பித்தாயிற்று. ஆசாரி பேர் நல்லமுத்து. வாய் கொஞ்சம் அதிகம். மேசையை வாசலுக்குக் கொண்டுவந்து, சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு யாரு நீல பெயின்ட் அடிச்சது? பட்டுப் பொடவைக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி!" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்து, கால் பக்கம் கண்ணில் படாத ஓரிடத்தில் சுரண்டிக் காட்டினார். நீலத்துக்கு அடியில் கருஞ்சிவப்பாக மரம் தெரிந்தது. தேக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தோதகத்தியாம், ஈட்டி மரம் என்றும் சொல்வார்களாம். "இதைச் சுரண்டலன்னா நான் உளிய வித்துட்டு வாய்க்கால்ல மீன் புடிக்கப் போறேன்" என்கிறார்.

நீங்கள் இழைப்புளி வேண்டாம் என்றீர்கள். பெயின்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சுரண்டலாமா? சுரண்டினால் மறுபடி அரக்கு பாலிஷ் போட வேண்டும். அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் தேவை. இங்கே மதுவிலக்கு, ஸ்பிரிட் என்று வாய் திறந்தாலே பர்மிட் கேட்கிறார்கள். ஆசாரிக்கு ஸ்பிரிட் வாசனையே மறந்துபோயிற்றாம்.

கரையான் தின்ற பின்பலகையை எடுத்தாயிற்று. புதுப் பலகைக்குத் தேக்கு சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீலாவதி

* * *

புதுச்சேரி,
12-3-1968.

நீலாவதிக்கு,

நீலம் அடித்தது அம்புஜம். ஆசாரியை வைத்துக்கூட அல்ல, அவளே பிரஷ்ஷைப் பிடித்து அடித்தாள். 1962இல், பொங்கலுக்கு முன்னால். மேசை இருட்டாக இருக்கிறதாம், அறைக்குள் எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கிறதாம். நான் பொங்கல் வரிசை கொண்டுவந்தபோது அதைப் பார்த்துவிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். அப்பா எடுத்த மேசையை நாசம் பண்ணிவிட்டாய் என்றேன். "என் மேசைதானே அக்கா" என்றாள். ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சுரண்டச் சொல். ஆசாரி சொல்வதுதான் நியாயம், மரத்தை மூடக்கூடாது. ஆனால் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து, அந்த நீலத்தில் அவள் பிரஷ் இழுத்த தடம் இருக்குமே என்று ஒரு எண்ணம். இழுப்பறைகளுக்கு உள்ளேயும் அடித்திருந்தாளா? எனக்கு ஞாபகம் இல்லை. பார்த்துச் சொல்.

இங்கே ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை மாமா நெய்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார். சிவப்பு அரக்கும் நல்லதாக வாங்கி அனுப்புகிறேன்.

தமயந்திக்குச் சோளத்தட்டை மாதிரிக் கை கால் இருந்ததே, இப்போது சதை போட்டிருக்கிறாளா?

திரௌபதி

* * *

விருத்தாசலம்,
31-3-1968, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பத்திரமாக வந்து திரும்பியிருப்பார். சோதனைச் சாவடிக் கதையை அவர் உங்களிடம் முழுசாகச் சொன்னாரோ, தெரியவில்லை. எங்களிடம் சொன்னதை எழுதுகிறேன்.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோர் பையையும் பார்த்தார்களாம். ஒரு போலீஸ்காரர் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பெரியவரே, கல்யாணத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் போவது நிஜம்தானே, மாமா "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்ததாம். அப்புறம் அரக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, மேசை, கரையான், பாலிஷ் என்று ஆதியிலிருந்து சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வந்த ஒரு கிழவர் தச்சு வேலைக்காரராம், "அரக்குக்கு இதாங்க ஊத்துவாங்க, குடிச்சா கண்ணு பூடும்" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அதன்பிறகுதான் விட்டார்கள். நல்லமுத்து ஆசாரி பாட்டிலைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நீலம் முழுதும் சுரண்டியாயிற்று. ஒன்பது நாள் ஆனது. சில்லால் சுரண்டி, மூன்று தினுசு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தமயந்தியும் இழுப்பறைகளைத் தேய்த்தோம். நான் ரேகைக்குக் குறுக்கே தேய்க்கிறேன் என்று அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "மரம் போற பக்கம் போ சின்னம்மா, எத்தினி தடவ சொல்றது?" இப்போது முதல் பூச்சு அரக்கு ஏறியிருக்கிறது. வெயில் படும்போது மரத்துக்குள்ளே தணல் இருக்கிற மாதிரி தெரிகிறது.

நீங்கள் கேட்டது: மேல் இழுப்பறைக்குள்ளே மட்டும் நீலம் அடித்திருக்கிறது. பிரஷ் தடம் இருக்கிறது, ஒரு மூலையில் விரல் பட்ட தடமும் இருக்கிறது. அதைத் தொடவேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். முதலில் முணுமுணுத்தார். காரணத்தைச் சொன்னதும் அந்த இழுப்பறையைத் தனியாக எடுத்து வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

பித்தளைக் கைப்பிடி ஆறில் நான்கு தேய்ந்து உடைந்துவிட்டன. அதே மாதிரி இங்கே கிடைக்கவில்லை. அவர் கம்பெனியில் சொல்லி அனுமதி வாங்கி, பீங்கானில் ஆறு குமிழ் தானே செய்கிறேன் என்கிறார். உங்களுக்குச் சம்மதமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டத்திலிருந்து கழற்றும்போது பழைய கண்ணாடி மூன்று துண்டாகிவிட்டது. முன்பே விரிசல் இருந்தது, ரசமும் போயிருந்தது. இருந்தாலும் உங்களிடம் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய நிலைக்கண்ணாடி இங்கே கிடைக்காது.

இப்படிக்கு,
நீலாவதி

* * *

புதுச்சேரி,
8-4-1968.

நீலாவதிக்கு,

கல்யாணத்துக்கா என்று கேட்டதை மாமா என்னிடம் சொல்லவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டிச் சிரித்தேன். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடி உடைந்ததற்கு நீ கஷ்டப்படாதே. அது எங்கள் வீட்டுக்கு வரும்போதே ஓரத்தில் புள்ளி இருந்தது. இங்கே நல்ல பெல்ஜியம் கண்ணாடி கிடைக்கிறது, நான் வாங்கி அறுத்து அனுப்புகிறேன். அது என் பங்காக இருக்கட்டும். சட்டத்தின் உள் அளவை எழுதி அனுப்பு. பீங்கான் குமிழ் போடலாம். அம்புஜம் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பாள்.

பழைய கட்டிலுக்கு நாடா மாற்றிவிட்டேன். ஜன்னல் பக்கத்து மூலையில் மேசைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். நாற்பத்து நாலு வயதில் ஒரு பிள்ளைக்காக அறை ஒதுக்குகிறேன். பக்கத்து வீட்டு ராஜாம்பாள், "என்னக்கா, கண்ணு மண்ணு தெரியாம ஓடுற!" என்கிறாள்.

திரௌபதி

* * *

விருத்தாசலம்,
27-4-1968, சனி.

அன்புள்ள அக்காவுக்கு,

தமயந்தியை அழைத்துவருகிற அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நேற்றுதான் அவளிடம் ஜூன் சமாசாரத்தைச் சொன்னார். "சரிப்பா" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள், குழம்பில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவளைப் பற்றிச் சிலது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாகற்காய் தட்டில் விழுந்தால் தட்டு பறக்கும். தலை சீவும்போது கத்துவாள், தெருவே வந்து எட்டிப்பார்க்கும், நீங்கள் பயப்படாதீர்கள். காலையில் மூன்று தரம் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். மனதில் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லமாட்டாள், வேறு எதற்காவது சண்டை பிடிப்பாள். குணத்தில் குறை இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அளவு: உயரம் இருபத்தெட்டு அங்குலம், அகலம் இருபத்தொரு அங்குலம். அவரே அளந்து சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
நீலாவதி

* * *

புதுச்சேரி,
5-5-1968, ஞாயிறு.

அன்புள்ள நீலாவதிக்கு,

நீ எழுதியதைப் படித்து நான் பயந்துபோயிருந்தேன். நீ சொன்ன பெண் வேறு, இங்கே வந்திருக்கிற பெண் வேறு! கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிடுகிறாள். தலை சீவினால் சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை தெரிந்தேதான் பாகற்காய் பொரியல் வைத்தேன். முழுதும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குது பெரியம்மா" என்றாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். சத்தம் போட்டுப் பேசுவது இல்லை. ராஜாம்பாள் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பொண்ணு கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்கிறாள்.

குறை சொல்வதாக நினைக்காதே, நீ அவளுக்கு இடம் கொடுத்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடி நீ எழுதின அளவுக்கு அச்சாக அறுத்தாயிற்று. மாமாவின் மில்லிலிருந்து விருத்தாசலம் வரும் லாரியில், பழைய மெத்தைக்குள் வைத்துக் கட்டி வியாழக்கிழமை அனுப்புகிறேன். பதினைந்து நாளில் மேசையை முடித்து அனுப்பிவிடு.

திரௌபதி

* * *

விருத்தாசலம்,
19-5-1968, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஆனால் சட்டத்தில் பொருந்தவில்லை. உயரத்தில் நான்கு அங்குலமும் அகலத்தில் மூன்று அங்குலமும் குறைகிறது. நீங்கள் அறுத்ததில் பிழை இல்லை. நான் எழுதின அளவுதான் தப்பு. எப்படி என்று சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

பச்சை மண்ணில் செய்கிற எதுவும் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் அச்சு செய்கிறவர்களிடம் தனி ஸ்கேல் ஒன்று உண்டு. அதில் ஓர் அங்குலம் என்று போட்டிருப்பது நிஜ அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதைக்கொண்டு செய்தால் சுருங்கினபிறகு சரியான அளவு வரும். குமிழுக்கு அளவெடுக்க அந்த ஸ்கேலை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குமிழ்கள் ஆறும் கனகச்சிதமாகப் பொருந்தின. அன்றைக்கே, கையில் இருந்த அதே ஸ்கேலால் கண்ணாடிச் சட்டத்தையும் அளந்துவிட்டார். முப்பத்திரண்டு அங்குலச் சட்டம் அவர் ஸ்கேலில் இருபத்தெட்டு. கண்ணாடி என்ன, சூளைக்கா போகப்போகிறது?

நல்லமுத்து ஆசாரிக்கு வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "கவலப்படாதீங்க விருத்தகிரி, சட்டத்தக் கொண்டும்போயி உங்க சூளையில வச்சி எடுங்க, சுருங்கிக் கண்ணாடிக்குச் சரியா வந்துடும்" என்கிறார். அவர் இரண்டு நாளாக ஆசாரி இருக்கும் பக்கமே போவதில்லை. தோதகத்தியில் நாலு பக்கமும் பட்டை கொடுத்து இடைவெளியை மூடலாமாம். நீங்கள் சொல்வதுபோலச் செய்யலாம்.

இதைத் தமயந்தியிடம் சொல்ல வேண்டாம். அப்பாவை ஆயுசுக்கும் கேலி செய்வாள்.

அவள் அங்கே அவ்வளவு நன்றாக இருப்பதாக நீங்கள் எழுதியதை மூன்று தரம் படித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் படித்தேன். அவள் பாகற்காய் சாப்பிட்டாளா? நான் இடம் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள், இருக்கலாம். எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. அவள் கத்தினால் நானும் கத்துவேன், பிறகு இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொள்வோம். இந்த வீட்டில் இப்போது சத்தமே இல்லை. தெருவில் யாராவது பிள்ளையைத் திட்டினால் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று எழுதினேன், இப்போதும் அதுதான். நிற்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

பட்டை பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீலாவதி

* * *

புதுச்சேரி,
22-5-1968, புதன்.

அன்புள்ள நீலாவதிக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேட அலுப்பாக இருந்தது, தமயந்தி படிப்பதைக் கேட்கவும் எனக்குப் பிடிக்கும். அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தப்பு என்னுடையது.

ஸ்கேல் வந்த இடத்தில் நிறுத்தினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பார், ராஜாம்பாள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். "எங்கப்பாவுக்கு அறிவு இருக்குதா பாருங்க பெரியம்மா! அது ஓரத்துல செவப்பு பெயின்ட் அடிச்ச ஸ்கேலு! அதை வச்சி ஸ்கூல்ல கோடு போட்டுட்டு டீச்சர்கிட்ட நான் அடியே வாங்கியிருக்கேன். சின்னம்மா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்திருக்கும், அதுக்கு எந்த ஸ்கேலு எதுன்னே தெரியாது. நான் ஒருத்தி இல்லன்னா அந்த வூட்டுல ஒரு வேல உருப்படியா நடக்காது!" அவளுக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கு நேற்றுதான் தெரியும்.

தமயந்தியிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதையும் அவளே படித்தாள், அதற்கும் சிரித்தாள். அதற்கு அடுத்த பத்தியில் அவள் சத்தம் குறைந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. "என்னடி, வாய்விட்டுப் படி" என்றேன். "ஒண்ணும் இல்ல பெரியம்மா, பட்டை பத்தி எழுதியிருக்குது" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் சாதம் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, அவளுக்குப் பிடிக்கும் என்று நீயே தம்பியிடம் சொல்லி அனுப்பினது. உப்பு இல்லை என்றாள். ருசி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் போட்டேன். காரம் என்றாள். நெய் ஊற்றினேன். "எனக்கு வேணாம், எதுவும் வேணாம், வூட்டுக்குப் போவணும்" என்று தட்டைத் தள்ளினாள். அது உருண்டுபோய் அம்மிக்கல்லில் மோதி நின்றது. தள்ளிவிட்டு அவளே பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

நீலாவதி, எனக்கு அப்போது கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் ஒரு பிள்ளை அடம் பிடித்தது. நான் கிட்டே போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அவள் அழுகை நிற்கவில்லை, என் கைக்கு அது அடங்கவும் இல்லை. அந்த அடம் என்மேல் காட்டினது இல்லை என்று அப்போது புரிந்தது. அது விருத்தாசலத்துக்குப் போகிற அடம்.

இருபத்தைந்து நாள் போர்வையை மடித்தாள், தட்டைக் கழுவினாள், பாகற்காயைச் சாப்பிட்டாள். நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீதான் சொல்லியிருப்பாய்.

தம்பியிடம் சொல். அம்மா கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தையை அம்மா சார்பில் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் தனியாள், பிள்ளைக்கு ஆறு வயது, அவருக்கு வேறு வழி தெரியாமல் சொன்னது. கான்வென்டில் மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மேசையும் அங்கேயே இருக்கட்டும். அம்புஜம் அதை வைத்த அறையிலேயே வை, ஓதம் இல்லாத சுவர்ப்பக்கம். பட்டை கொடுக்கச் சொல், இடைவெளி எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து தலை சீவு. ஆணியில் மாட்டின கண்ணாடியில் சீவுகிற பெண்ணை என் தங்கை தன் வீட்டில் வைத்திருக்கமாட்டாள். என்னைத் திட்டியிருப்பாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளை நானே அழைத்துவருகிறேன். மாமா வருகிறேன் என்றார், சோதனைச் சாவடியை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தட்டு விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவள் வெட்கப்படுகிறாள். காலையிலிருந்து மறுபடி நல்ல பெண்ணாக இருக்கிறாள், நானும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் பத்து நாள் அவளை இங்கே அனுப்பு. கட்டிலுக்கு நாடா புதுசு. விருந்தாளி மாதிரிதான் இருப்பாள், எனக்குத் தெரியும். இருக்கட்டும். இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரவும் யாரும் இல்லை.

உன் அக்கா,
திரௌபதி